உங்கள் முதல் ஒளிவாள்: ஒரு குழாய், மூன்று மின்கலன், கொஞ்சம் ஓம் விதி

மாணவர்களே, இணையக் கடைகளில் ஒளிவாள் விதவிதமாகக் கிடைக்கிறது. பொத்தானை அமுக்கினால் நீல ஒளி, வீசினால் 'வூம்' என்ற சத்தம். அதை வாங்கிய நண்பரிடம், "இது எரியாமல் போனால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "வேறு வாங்குவேன்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளை வேறு என்ன செய்ய முடியும்?

நீங்களே செய்த வாளின் கதை வேறு. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். எரியாவிட்டால் திறந்து பார்ப்பீர்கள், பத்து நிமிடத்தில் சரிசெய்வீர்கள். பள்ளி நாடகத்துக்கோ, கோலாலம்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் காமிக் ஃபியெஸ்டா போன்ற விழாக்களுக்கோ வேடமிட்டுப் போகிறவர்கள் பலர் தங்கள் வாளைத் தாங்களே செய்வது இதனால்தான். இதற்குத் தேவையான அறிவியலில் பாதியை நீங்கள் தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டிலேயே படித்துவிட்டீர்கள். மீதியை இன்று பார்த்துவிடுவோம்.

படத்தில் இருந்த வாள்

ஒளிவாள் என்றதும் நினைவுக்கு வருவது 1977ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்'. அந்தப் படத்தின் அரங்கப் பொருள்களைத் தேடிச் சேர்த்தவர் ரோஜர் கிறிஸ்டியன். கதாநாயகனின் வாளுக்குக் கைப்பிடி வேண்டும். கையில் பணமோ குறைவு. லண்டனில் உள்ள ஒரு புகைப்படக் கருவிக் கடையில், பழைய பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய 'கிராஃப்லெக்ஸ்' ஃபிளாஷ் விளக்கின் உலோகக் கைப்பிடியைக் கண்டெடுத்தார். அதில் ரப்பர்ப் பட்டைகளை ஒட்டினார். உலகமே அறிந்த அந்த வாள் பழைய சாமானிலிருந்துதான் பிறந்தது.

சரி, ஒளி எப்படி வந்தது? அன்று படப்பிடிப்புத் தளத்தில் வாள் தானாக எரியவில்லை. ஒரு கோலின்மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருளை ஒட்டி, மோட்டாரால் அதைச் சுழற்றிப் பார்த்தார்கள். அது போதவில்லை. பிறகு ஒவ்வொரு படச்சட்டத்திலும் ஒளியைத் தனியாகச் சேர்த்தார்கள். சத்தத்தை உருவாக்கியவர் பென் பர்ட். திரைப்பட புரொஜெக்டரின் மோட்டார் முனகலையும், தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய் எழுப்பிய இரைச்சலையும் கலந்தார். அந்தச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன்முன் மைக்கை வீசி வீசிப் பதிவு செய்தார். வாளை வீசும்போது ஒலி ஏறி இறங்குவது அதனால்தான். நீங்கள் படிக்கும் டாப்ளர் விளைவு அங்கே வேலை செய்தது.

2015இல் வெளிவந்த படத்தில் நடிகர்கள் கையில் உண்மையிலேயே ஒளிரும் வாள்கள் இருந்தன. வாளின் ஒளி நடிகரின் முகத்திலும் தரையிலும் இயல்பாக விழுந்தது. 1977இல் இல்லாத ஒரு பொருள் இடையில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அதுதான் எல்.இ.டி.

மேசைமேல் தொடங்குங்கள்

முதல் நாளே குழாயை அறுக்க வேண்டாம். மேசைமேல் ஒரே ஒரு எல்.இ.டி.யை எரிய வையுங்கள். தேவையானவை: 'ஏஏ' அளவு அல்கலைன் மின்கலன் மூன்று, அவற்றுக்கான பெட்டி, ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச், ஒரு பிரெட்போர்டு. பள்ளிப் பாடநூலில் 'பெரிந்தாங்' என்று படிப்பீர்களே, அந்த மின்தடையாக்கிதான் ரெசிஸ்டர்.

எல்.இ.டி.யின் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. நீளக்கால் நேர்முனை. மாற்றி இணைத்தால் எரியாது, ஏனென்றால் எல்.இ.டி. மின்னோட்டத்தை ஒரே திசையில்தான் விடும்.

ரெசிஸ்டர் எதற்கு? சாதாரண மின்குமிழில் மின்னழுத்தம் சற்றுக் கூடினால் மின்னோட்டமும் சற்றுக் கூடும். எல்.இ.டி. அப்படிப்பட்டதன்று. சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டில் எரியத் தொடங்கும். அதற்குமேல் மின்னழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு எகிறும், எல்.இ.டி. சூடேறிக் கருகும். அந்த மின்னோட்டத்துக்குக் கடிவாளம் போடுவதுதான் ரெசிஸ்டரின் வேலை.

கணக்கு எளிது. மூன்று மின்கலன்கள் தொடர் இணைப்பில் 3 × 1.5 = 4.5 வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 2.5 வோல்ட் ரெசிஸ்டரில் விழ வேண்டும். சாதாரண எல்.இ.டி.க்கு 20 மில்லிஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர் போதும். ஓம் விதிப்படி 2.5 ÷ 0.02 = 125 ஓம். கடையில் 125 ஓம் எளிதில் கிடைக்காது. அடுத்த பெரிய மதிப்பான 150 ஓம் வாங்குங்கள். மின்தடை கூடினால் ஒளி சற்றே குறையும். குறைந்தால் எல்.இ.டி. கெடும். ஆகவே சந்தேகம் வந்தால் பெரிய மதிப்புப் பக்கமே போங்கள்.

நிறத்துக்குத் தகுந்த வோல்ட்

இப்போது சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தை வையுங்கள். நீல எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஏன்? ஒளியின் அலைநீளம் குறையக் குறைய, ஒவ்வோர் ஒளித்துகளின் ஆற்றலும் கூடும். சிவப்பு ஒளியின் அலைநீளம் சுமார் 630 நானோமீட்டர், நீலத்துக்குச் சுமார் 470. நீல ஒளித்துகளுக்கு ஆற்றல் அதிகம். அதை உண்டாக்க எலக்ட்ரானுக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தாக வேண்டும்.

இது உங்கள் வாளில் கண்ணுக்குத் தெரியும். மின்கலன் பழகப் பழக மூன்றும் சேர்ந்து 3.6 வோல்ட்தான் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 125 ஓம் ரெசிஸ்டருடன் சிவப்புக்கு (3.6 − 2) ÷ 125 = 12.8 மில்லிஆம்பியர் கிடைக்கும். நீலத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த ரெசிஸ்டர் (4.5 − 3) ÷ 0.02 = 75 ஓம். இப்போது அதன் வழியே போவது (3.6 − 3) ÷ 75 = 8 மில்லிஆம்பியர்தான். ஒரே மின்கலன், ஒரே தேய்மானம். ஆனால் நீல வாள் சிவப்பு வாளுக்கு முன்பே மங்கும்.

வரலாற்றிலும் நீலம்தான் கடைசியாக வந்தது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை அமெரிக்காவின் நிக் ஹோலன்யாக் 1962இல் செய்துகாட்டினார். பிரகாசமான நீலத்துக்கு உலகம் 1990களின் தொடக்கம் வரை காத்திருந்தது. அதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் படம் வந்த 1977இல் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பிரகாசமான நீல எல்.இ.டி. வாள் செய்திருக்க முடியாது.

ஒன்றிலிருந்து எழுபத்திரண்டுக்கு

ஒரு எல்.இ.டி. ஒரு வாளுக்குப் போதாது. பலவற்றைத் தொடர் மின்சுற்றில் இணைக்கலாமா? மூன்று சிவப்பைத் தொடராக வைத்தாலே 6 வோல்ட் வேண்டும். நம்மிடம் இருப்பது 4.5. எரியாது. ஆகவே இணை மின்சுற்றுதான் வழி. ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் வைத்து இணையாக இணைக்க வேண்டும். எழுபது எல்.இ.டி.யை நாமே பற்றவைத்தால் பள்ளி விடுமுறை முடிந்துவிடும். நல்லவேளையாக, ரெசிஸ்டரோடு சேர்த்து ஒட்டிய எல்.இ.டி. பட்டை ஆயத்தமாகவே விற்கிறது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள்: பட்டை 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா? 12 வோல்ட் பட்டையில் மும்மூன்று எல்.இ.டி.கள் தொடராக இருக்கும். அதை மூன்று மின்கலனோடு இணைத்தால் ஒரு மினுக்கும் வராது. பலர் "பட்டை கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டும் இடம் இது. நமக்கு வேண்டியது 5 வோல்ட் பட்டை. கத்தரிக்கோல் படம் போட்டிருக்கும் வெட்டுக்குறியில் மட்டும் வெட்டுங்கள்.

மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள பட்டையில் 60 சென்டிமீட்டருக்கு 36 எல்.இ.டி. வரும். மெல்லிய, தட்டையான ஒரு பிளாஸ்டிக் சட்டத்தின் இரு பக்கமும் ஒட்டினால் 72. ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 0.72 ஆம்பியர். 2000 மில்லிஆம்பியர்-மணி உள்ள மின்கலன், காகிதக் கணக்கில் 2 மணி 45 நிமிடம் தாங்கும். நடைமுறையில் குறைவாகவே தாங்கும். மின்கலனுக்கு உள்ளேயும் ஒரு மின்தடை இருப்பதால், மின்னோட்டம் அதிகமாக எடுக்கும்போது மின்னழுத்தம் சரியும். மறுமின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் மின்கலன்கள் இந்தச் சரிவைக் கூடுதலாகத் தாங்கும். அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், நான்கு வைத்தால் 4.8 வோல்ட். அல்கலைன் மின்கலன் நான்கு வைக்காதீர்கள். அது 6 வோல்ட்; பட்டைக்கு அதிகம்.

அலகு

வாளின் அலகுக்கு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் குழாய் வேண்டும். சுமார் 25 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 70 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் முதல் வாளுக்குப் போதும். பார்வைக்கு அதேபோல் இருக்கும் அக்ரிலிக் குழாயும் கடையில் இருக்கும். ஆனால் அக்ரிலிக் அடிபட்டால் கூர்மையான துண்டுகளாக உடையும், பாலிகார்பனேட் வளைந்துகொடுக்கும். கடைக்காரரிடம் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

பட்டையை அப்படியே குழாய்க்குள் விட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும், வாள்போல் இருக்காது. ஒளி எல்லாத் திசையிலும் சிதற வேண்டும். பழம், மின்சாதனம் போன்றவற்றைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளைப் பஞ்சுத்தாளைப் பட்டைமேல் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு குழாய்க்குள் நுழையுங்கள். அந்தத் தாளில் ஏராளமான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றின் சுவரிலும் ஒளி திரும்பித் திரும்பிச் சிதறுகிறது. மேகம் வெள்ளையாகத் தெரிவதற்கும் இப்படிப்பட்ட சிதறலே காரணம். ஒரு சுற்றா, இரண்டு சுற்றா? சுற்று கூடினால் புள்ளி மறையும், வெளிச்சமும் குறையும். இருட்டறையில் இரண்டையும் செய்துபார்த்து நீங்களே முடிவெடுங்கள்.

கைப்பிடி

இதற்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிவிசி குழாய் போதும். அதன் உள்விட்டம் அலகின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். இங்கே ஒரு வடிவியல் கேள்வி. மின்கலன்களை முக்கோணமாக ஒன்றுசேர்த்து வைக்கலாமா, வரிசையாக வைக்கலாமா? விட்டம் ஒன்றாக உள்ள மூன்று வட்டங்களை ஒட்டி வைத்தால், அவற்றைச் சுற்றி வரையும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 2.15 மடங்கு. 'ஏஏ' மின்கலனின் விட்டம் 14.5 மில்லிமீட்டர், ஆகவே 31 மில்லிமீட்டருக்கு மேல் இடம் வேண்டும். அலகு பொருந்தும் குழாய்க்குள் அது நுழையாது. எனவே ஒன்றன்பின் ஒன்றாக வரிசைதான். ஒவ்வொரு மின்கலனும் 50 மில்லிமீட்டர். ஒற்றை மின்கலப் பெட்டி மூன்றைத் தொடராக இணைத்தால் ஏறக்குறைய 17 அல்லது 18 சென்டிமீட்டர் பிடிக்கும். அலகில் 10 சென்டிமீட்டர் கைப்பிடிக்குள் இறங்க வேண்டும். சுவிட்சுக்கும் கம்பிக்கும் இடம் விட்டால், கைப்பிடி 32 சென்டிமீட்டர். நான்கு மின்கலன் என்றால் அதற்கேற்ப நீளும்.

அலகு 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்று ஏன் வலியுறுத்துகிறேன்? வாள் ஒரு நெம்புகோல். வெளியே 60 சென்டிமீட்டர் நீண்டிருக்கும் நுனியில் சிறு இடி விழுந்தாலும், இணைப்பில் அதைப்போல் பல மடங்கு விசை தாக்கும். 2 சென்டிமீட்டர் மட்டும் செருகிப் பசை போட்ட வாள் முதல் ஒத்திகையிலேயே கழன்றுவிடும். அலகின் அடிப்பகுதியில் டேப் சுற்றி இறுக்கமாகச் செருகி, பக்கவாட்டில் ஒரு குட்டைத் திருகாணி போடுங்கள்.

மின்கலன்களைக் கைப்பிடியின் அடிப்பக்கம் வையுங்கள். முடித்த வாளை ஒரு விரலின்மேல் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் புள்ளியைத் தேடுங்கள். அதுதான் ஈர்ப்பு மையம். அது கைக்கு அருகே இருந்தால் வாள் இலேசாகத் தோன்றும். நுனிப்பக்கம் போனால் மணிக்கட்டு வலிக்கும்.

எரியவில்லையா?

மேசைமேல் எரிந்த சுற்று, வாளுக்குள் போனதும் எரியாமல் இருப்பது மிகச் சாதாரணம். மனம் தளர வேண்டாம், வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில் மல்டிமீட்டரால் மின்கலன் பெட்டியின் இரு முனையிலும் மின்னழுத்தத்தை அளங்கள். அங்கே 4.5 வோல்ட் இருந்தால் சுவிட்சுக்கு அப்பால் அளங்கள். பிறகு பட்டையின் தொடக்கத்தில். மின்னழுத்தம் எந்த இடத்தில் காணாமல் போகிறதோ, அதற்கு முன்னால் உள்ள இணைப்புதான் குற்றவாளி.

அசைக்கும்போது மட்டும் அணைந்து எரிகிறதா? வாளை வீசும்போது உள்ளே இருப்பவை எல்லாம் நுனியை நோக்கி விலகப் பார்க்கும். கம்பி இறுக்கமாக இருந்தால் பற்றவைத்த இடத்தில் இழுபடும். கம்பியைச் சற்றுத் தளர்வாக விட்டு, பற்றவைப்புக்கு அருகில் சூட்டுப்பசையால் ஒட்டிவிடுங்கள். இழுவிசை பசையில் விழும், இணைப்பு தப்பிக்கும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

இணையக் காணொளிகளில் 18650 என்ற லித்தியம் மின்கலனைப் பயன்படுத்துவதைப் பார்ப்பீர்கள். சிறிய உருவில் பெரிய ஆற்றல், வாளுக்கு ஏற்றதுதான். ஆனால் அதன் இரு முனைகளும் தப்பித்தவறித் தொட்டுக்கொண்டால் பல ஆம்பியர் பாயும், மின்கலன் தீப்பிடிக்கலாம். உலோகக் கைப்பிடிக்குள், ஆட்டி அசைக்கும் பொருளுக்குள் அதை வைப்பது தொடக்கநிலையாளருக்கு உரிய வேலை அன்று.

பழைய குழல்விளக்கை அலகாகப் பயன்படுத்தாதீர்கள். அது கண்ணாடி, உள்ளே பாதரசம் இருக்கிறது. பிவிசி குழாயை நெருப்பில் காட்டி வளைக்காதீர்கள். எரியும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்; அது மூக்கின் ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழாயை அறுக்கும்போது கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள்.

பற்றவைக்கும் இரும்பின் நுனி 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெற்றோரோ ஆசிரியரோ அருகில் இருக்கும்போது, சன்னல் திறந்திருக்கும்போது மட்டும் அதைத் தொடுங்கள். ஈயமில்லாப் பற்றுக்கம்பி வாங்குங்கள்; முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

கடைசியாக ஒன்று. இது மேடைப் பொருள். யார்மீதும் ஓங்குவதற்கானது அன்று. பள்ளிக்குக் கொண்டுபோவதற்கு முன் ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். வழியில் பையில் மூடியே எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த படி

முதல் வாள் ஒரு மாதம் பழுதில்லாமல் எரிந்தால், அடுத்ததுக்குத் தயாராகிவிட்டீர்கள். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனியே கட்டளை அனுப்பக்கூடிய பட்டைகள் உள்ளன. அவற்றை ஆர்டுயினோ பலகையோடு இணைத்தால், ஒளி கைப்பிடியிலிருந்து நுனிவரை ஓடி ஏறுவதுபோல் நிரல் எழுதலாம். முடுக்க உணரி ஒன்றைச் சேர்த்தால், வீசும் வேகத்துக்கேற்ப ஒலி மாறும். ஆனால் கணக்கை மறக்காதீர்கள். அந்தப் பட்டையில் ஓர் எல்.இ.டி. முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர்வரை எடுக்கும். 72க்கு 4.3 ஆம்பியர். மூன்று 'ஏஏ' மின்கலன் அதைத் தாங்காது.

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று வீட்டில் யாராவது சொன்னால், கெடாவைப் பற்றிச் சொல்லுங்கள். கூலிமில் ஓஸ்ராம் நிறுவனம் 2017இல் எல்.இ.டி. சில்லுத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்திலும் எல்.இ.டி. தயாரிக்கிறார்கள். அங்கே வேலை செய்யும் பொறியாளரும் தொழில்நுட்பரும் நாள்தோறும் கேட்கும் கேள்விகள் நீங்கள் கேட்டவைதாம்: எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர், எங்கே சூடாகிறது, எந்த இணைப்பு விட்டுப்போகிறது? "எலக்ட்ரானிக்ஸ் எனக்கு வராது" என்று மூன்றாம் படிவத்திலேயே முடிவுகட்டி, நான்காம் படிவத்தில் இயற்பியலைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தேர்வுத் தாளைப் பார்த்து அந்த முடிவை எடுக்காதீர்கள். ஒரு எல்.இ.டி.யை உங்கள் கையால் எரியவைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இந்த வாரக் கணக்கு

பச்சை எல்.இ.டி. ஒன்றுக்கு 3.2 வோல்ட் வேண்டும். உங்களிடம் 1.2 வோல்ட் மறுமின்னேற்ற மின்கலன் நான்கு தொடர் இணைப்பில் உள்ளன. 15 மில்லிஆம்பியர் மட்டும் போக வேண்டும். கடையில் 82, 100, 120, 150 ஓம் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. எதை வாங்குவீர்கள்? விடையைப் பார்க்குமுன் தாளில் போட்டுப் பாருங்கள்.

விடை: 4.8 − 3.2 = 1.6 வோல்ட். 1.6 ÷ 0.015 = ஏறக்குறைய 107 ஓம். வாங்க வேண்டியது 120.